தொன்யா மார்லெனியின் காலி வரிசை

தாவுலா ஆற்றங்கரையில் மாடி வீடு என்று ஒன்று கிடையாது. கடல் வாயில் இருக்கும் லா போக்கானாவில் தொடங்கி, ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் எங்கள் ஊர் கெப்ராதோன் வரை பத்து ஊர்கள். எல்லாமே மரக்கால் ஊன்றிய பலகை வீடுகள். ஆனாலும் எங்களுக்கென்று ஒரு நகரம் உண்டு. லா போக்கானா சுகாதார நிலையத்தில், மருந்து அறையை ஒட்டிய சின்ன அறையில், மார்லெனி ரெந்தெரியாவின் கம்ப்யூட்டருக்குள் அது இருக்கிறது. ரோஸ், மஞ்சள், கிளிப்பச்சை என்று வரிசை வரிசையாகத் தூண்கள். மலேரியாவுக்கு ஒரு நகரம், வயிற்றுப்போக்குக்கு ஒன்று, பாம்புக்கடிக்கு ஒன்று.

"ஆறு முழுக்கத் தேடினாலும் ஒருத்தனுக்கும் மாடி இல்ல. இந்தம்மா மட்டும் உக்காந்த எடத்துலயே மாடி மேல மாடியா கட்டுது" என்று படகுத்துறையில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்ததே நான்தான்.

என் பெயர் எலியேசர். மோட்டார் படகு ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், நன்றி மட்டும் தொண்டையைத் தாண்டி வராது என்று என் மனைவி ஒதிலியா சொல்வாள். இந்த ஒரு தடவை வருகிறதா பார்க்கிறேன்.

தொன்யா, அதாவது அம்மா, என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் மார்லெனி முப்பத்தெட்டு வயது வரை துறையில் உட்கார்ந்து மீன் செதில் சீவியவர். இறால் படகில் போன கணவர் திரும்பி வரவில்லை. கொண்டுபோனது கடலா, வேறொருத்தியா என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பள்ளிப்படிப்பை முடித்தார். மௌஸைப் பிடித்த முதல் நாள், உயிர் மீனைப் பிடித்ததுபோல் கை வழுக்கியதாம். அதே வகுப்பில்தான் ஒருநாள் வாத்தியார் எண்களைத் தூண்களாக எழுப்பி, அந்தப் படத்தைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். தூண்களின் பின்பக்கம் தெரிந்ததும் மார்லெனி "கடவுளே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாராம். "அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல யாருக்கும் சோறு கெடையாது. எனக்குப் பசிக்கவே இல்ல, அடுத்தவங்க ஞாபகமும் வரல" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்கு ஒரு டாக்டர் வருவார். படித்து முடித்த சூட்டோடு வந்து, பன்னிரண்டு மாதம் கொசுக்கடி வாங்கிவிட்டுப் போவார். வருகிற ஒவ்வொருவரும் இதையே சொல்வார்:

"தொன்யா மார்லெனி, தட்டையா நாலு பட்டை போட்டாப் போதுமே. இதுல முன்னாடி நிக்குற தூண் பின்னாடி நிக்குறத மறைக்குது பாருங்க."

"மனுஷங்களும் அப்படித்தான் நிக்குறாங்க, டாக்டர். கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்பார் அவர். டாக்டர் எழுந்திருக்கத் தேவையிருக்காது. மார்லெனி மௌஸால் நகரத்தையே திருப்பிக் காட்டுவார்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு சுகாதாரத் தொண்டர் இருக்கிறார். யாருக்குக் காய்ச்சல், யாரைப் பாம்பு கடித்தது என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பத்து நோட்டையும் வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. மார்லெனி எனக்கு ஒரு டம்ளர் பொரோஹோ பழச் சாறு கொடுத்து உட்கார வைத்துவிட்டு, எண்களை விரிதாளில் ஏற்றுவார். முதல் வரிசை தலைப்பு, அதற்குக் கீழே ஒவ்வொன்றாக ஊர்கள், பக்கவாட்டில் மாதங்கள்.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எந்தப் பட்டியல் போட்டாலும் கடலிலிருந்து மேல்நோக்கித்தான் போடுவோம். பெட்ரோல் பட்டியலானாலும் சரி, கோயில் திருவிழாப் பட்டியலானாலும் சரி, முதலில் லா போக்கானா, கடைசியில் கெப்ராதோன். ஏழாவது ஊர் முடிந்ததும் ஒரு வரியைக் காலியாக விடுவோம். அங்கேதான் ரவுதால் இருக்கிறது. ஆறு பாறைகளில் விழுந்து நுரைக்கிற இடம். எந்தப் படகும் அதில் ஏறாது. சாமான்களை இறக்கி, காட்டுப் பாதையில் அரை மணி நேரம் சுமந்து போய், மேலே நிற்கும் வேறு படகில் ஏற்ற வேண்டும். அதற்குமேல் மூன்று ஊர்கள். அந்தக் காலி வரியை விடச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பேனா அந்த இடத்துக்கு வந்தால் தானாக ஒரு வரி கீழே இறங்கிவிடும். மார்லெனியின் விரிதாளிலும் ஒன்பதாம் வரிசை காலியாகவே இருந்தது.

ஒரு வருஷம் ஆகஸ்ட் மாதம் என் மச்சான் அபெலார்தோவை, ஒதிலியாவின் அண்ணனை, வாழைத் தோட்டத்தில் எக்கிஸ் பாம்பு கடித்தது. முதுகில் பெருக்கல் குறி போட்ட பாம்பு. விஷமுறிவு மருந்து லா போக்கானாவில் மட்டும்தான் குளிர்பெட்டியில் இருந்தது. கெப்ராதோனிலிருந்து ஏழு மணி நேரம். ரவுதால் பாதையில் தூளி கட்டிச் சுமந்து இறக்கும்போதே அவர் மூச்சு நின்றுவிட்டது. கீழே என் படகு மோட்டாரை ஓடவிட்டபடி காத்திருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு, கீழே போகாமல், அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில், மாகாண அலுவலகம் தாவுலா ஆற்றுக்கு ஒரு குளிர்பெட்டி தரப்போவதாகச் செய்தி வந்தது. சூரிய ஒளியில் ஓடுவது, விஷமுறிவு மருந்து வைப்பதற்கு. ஒன்றே ஒன்றுதான். மார்லெனி மூன்று வருஷமாக அனுப்பிய பாம்புக்கடி சார்ட்டுகளை வைத்து, அதைக் கீழே மூன்றாவது ஊரான சான் காயெத்தானோவில் வைக்க முடிவு செய்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை குழு வந்து கையெழுத்துப் போடும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நோட்டுகளோடு போனேன். சுவரில் அந்த வருஷத்துப் பாம்புக்கடி நகரம் பெரிதாக அச்சாகித் தொங்கியது. சாற்றைக் குடித்துக்கொண்டே ஆகஸ்டைத் தேடினேன்.

"தொன்யா, என் ஊரு எங்க?"

"பின்னாடி இருக்கும், ப்ரீமோ. நீங்கதான் கடைசி வரிசையாச்சே." எங்கள் ஆற்றில் எல்லோரும் எல்லோருக்கும் ப்ரீமோதான், பங்காளி மாதிரி.

"என் மச்சான் எங்க?"

அவர் நோட்டைக் கீழே வைத்தார். திரையில் நகரத்தைத் திறந்து திருப்பினார். பின்பக்கம் வந்தது. திரும்பவும் முன்பக்கம். மேலேயிருந்து பார்த்தோம், பருந்து பார்ப்பதுபோல. ஏழு ஊர்கள் நின்றன. எட்டாவதாக ஒரு நிழல்கூட இல்லை.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "இங்க ஒருத்தன் கால்ல முள்ளு குத்தினா தூண் எழுப்புறீங்க. எங்க ஊர்ல செத்தாக்கூட ஒரு செங்கல் கெடையாதா? நோட்ட நான் என் கையாலதானே கொண்டாந்து குடுத்தேன்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். "செதில் சீவுன கைக்கு இதெல்லாம் தேவையா?" என்றும் சொன்னேன். அதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மார்லெனி சார்ட்டின்மேல் எங்கோ தட்டினார். விரிதாளில் எண்களைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு எறும்புச் சாரி மாதிரி ஓடத் தொடங்கியது. இந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டம் வரைதான் எனக்குக் கணக்கு என்று கம்ப்யூட்டர் சொல்கிற கோடு அது. லா போக்கானாவில் புறப்பட்டு, ஏழாவது ஊர் வரை இறங்கி, அங்கேயே திரும்பிவிட்டது. கீழே ஒரு காலி வரிசை. அதற்கும் கீழே, கோட்டுக்கு வெளியே, எங்கள் மூன்று ஊர்களும் எண்களோடு அப்படியே கிடந்தன.

"ரவுதால்ல நின்னுருச்சு" என்றார் மெதுவாக. "நான் ஒரு கட்டத்தத் தொட்டுட்டு மொத்தத்தையும் எடுத்துக்கன்னு சொல்லுவேன். காலி வரிசையப் பாத்ததும் அட்டவணை முடிஞ்சு போச்சுன்னு அது நினைச்சிருக்கு. உங்க படகு மாதிரியேதான், ப்ரீமோ. ஆனா இங்க எறக்கி ஏத்த ஆளில்ல."

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கீபோர்டில் விழுந்ததைத்தான் பாவாடை நுனியால் துடைத்தார்.

பிறகு அந்தப் புள்ளிக்கோட்டின் மூலையைப் பிடித்து, காலி வரிசையைத் தாண்டி, கெப்ராதோன் வரை இழுத்தார். தூண்கள் எழுந்தன. கீழே ஏழு ஊரிலும் சேர்த்து வருஷத்துக்கு ஒன்பது கடி. மேலே மூன்று ஊரில் மட்டும் பதினாலு. ஆகஸ்டில் கெப்ராதோனுக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று அபெலார்தோ. நான் திரையைத் தொட்டேன். அவர் தடுக்கவில்லை.

"அந்தக் காலி வரிசையத் தூக்கிருங்க தொன்யா" என்றேன்.

"தூக்குனா நாளைக்கு வேற ஒருத்தங்க திரும்ப விடுவாங்க. நம்ம கை சும்மா இருக்காது." ஒன்பதாம் வரிசையில் 'ரவுதால்' என்று எழுதினார். பக்கவாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பூஜ்யம் போட்டார். ஒரு கோழிகூடக் குடியிருக்காத இடத்துக்கு ஒரு வரிசை!

செவ்வாய்க்கிழமை துறையில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. சுகாதார நிலைய ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றோம். எனக்கு இரண்டு பயம். பெட்டி கீழேயே நின்றுவிடுமோ என்பது ஒன்று. இந்தம்மாவின் வேலை போய்விடுமோ என்பது இன்னொன்று. அவர் நினைத்திருந்தால் கம்ப்யூட்டர் தப்பு, மழையில் கரண்டு போச்சு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று, "மூணு வருஷம் நான் அனுப்புனது அரை ஆறு. தப்பு என்னோடது. இதுதான் முழு ஆறு" என்று சொல்லி நகரத்தைத் திருப்பிக் காட்டினார்.

குழுவுக்குத் தலைமையாக வந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது என்ன ஊரு, ரவுதால்? வருஷம் பூரா ஒரு கடிகூட இல்லயே. அதிர்ஷ்டக்கார ஊரா இருக்கே!"

"அது ஊரில்ல, டாக்டரம்மா. வெறும் தண்ணி, பாறை. மேல இருக்கறவங்கள விட்டுறாம இருக்க நான் போட்ட பாலம்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தாளில் சான் காயெத்தானோவை அடித்து, ரவுதாலுக்கு மேலே முதல் ஊரான மோன்தே பாத்தோவை எழுதினார். மார்லெனியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் ஜன்னலில் போட்ட கூச்சலில் டாக்டரின் காபி கொட்டியது.

ஜனவரியில் பெட்டி வந்தது. ரவுதால் பாதையில் அதைச் சுமந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். வழியெல்லாம் அபெலார்தோவை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மார்ச் மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். அதே பாதையில் தோளில் பெட்ரோல் கேனோடு ஏறிக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேலே சுருக்கென்றது. இலைகளுக்குள் பெருக்கல் குறிகள் நெளிந்து மறைந்தன. கேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கூட வந்தவர்கள் கீழே தூக்கவா மேலே தூக்கவா என்றுகூடக் கேட்கவில்லை, மேலேதான் ஓடினார்கள். நாற்பது நிமிடத்தில் மோன்தே பாத்தோவின் உதவி செவிலியர் குளிர்பெட்டியைத் திறந்து மருந்தை என் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒதிலியா வந்து பார்த்துவிட்டு, "எங்க அண்ணனுக்கு இல்லாத பொட்டி" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். அப்புறம் என் கையை விடவே இல்லை.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை, நொண்டிக்கொண்டே பத்து நோட்டுகளையும் கொண்டுபோனேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"தொன்யா, நான் எந்த நோட்லயும் இல்ல. என்னக் கடிச்சது ஊர்ல இல்லயே."

"தெரியும், உக்காருங்க."

ஒன்பதாம் வரிசைக்குப் போனார். மார்ச் மாதத்துப் பூஜ்யத்தை அழித்துவிட்டு, ஒன்று என்று போட்டார். திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் லா போக்கானா நெடுநெடுவென்று நின்றது. மார்லெனி மௌஸைப் பிடித்து நகரத்தை மெல்லத் திருப்பினார்.

பின்னால், யாரும் குடியில்லாத அந்த வரிசையில், விரல் உயரத்துக்கு ஒரு ரோஸ் நிறத் தூண் நின்றுகொண்டிருந்தது.

செதில் சீவின அந்தக் கையை எடுத்து என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒதிலியா சொன்னது சரிதான், தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"சாறு ஆறப்போகுது, குடிங்க ப்ரீமோ" என்றார் மார்லெனி. பொரோஹோ சாறு எப்போதுமே ஆறித்தான் இருக்கும்.