முழங்காலுக்கு வாத்தியார்

மருந்தே கொடுக்காமல் திட்டு வாங்குகிற வைத்தியத் தொழில் ஒன்று உண்டென்றால், அது என்னுடையதுதான். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களின் காலை மடக்கி நீட்டிப் பழக்கிய ஆள் என்பதால், முட்டிவலிக்காரர்களை எல்லாம் அவர் என் தலையில் கட்டிவிடுவார். முட்டியைத் தடவிக்கொண்டே இதைப் படிக்கிற நண்பர்களே, விஷயம் ரொம்பச் சுலபம். பெஞ்சில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிக் கொஞ்சம் பிடித்திருந்து, மெல்ல இறக்க வேண்டும். தொடைச் சதை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும். இதை நம்ப வைப்பதற்குள் என் உயிர் போய்விடும்.

ஊசி இல்லையா?

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். ஊசி உண்டா என்றார். இல்லை என்றேன். தைலம்? அதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னேன். நீட்டினார், இறக்கினார், மறுபடி நீட்டினார். பிறகு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து கிளம்பினார்.

"உட்கார்ந்து காலை நீட்டுவதற்குப் பெயர் வைத்தியமா? எங்கள் அகத்தில் இதற்குச் சோம்பல் என்று பெயர்!"

எல்லப்பன் வந்தார்

கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த எல்லப்பன் அப்படிப் போகவில்லை. அவரால் போக முடியாது. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மலைபோல் குவிந்த அம்பாரத்தின்மேல் ஏறிக் கொட்டுகிற வேலை அவருக்கு. மழைக்காலத்தில் அளம் மூடியிருக்கும். தை பிறந்து திறக்கிற அன்று கூடையோடு ஏறிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது.

"எங்கே, எப்போதெல்லாம் வலிக்கிறது?" என்று கேட்டேன். கூட வந்திருந்த அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"நின்னா வலி, குந்தினா வலி. வாய் மட்டும் நல்லாக் கீது சார்."

தேறிய கால்

கணுக்காலில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் பழகச் சொல்லி அனுப்பினேன். ஐப்பசி அடைமழை முடிந்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "காலு பஞ்சாட்டம் ஏறுது சார்!" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை. எங்களிடம் இருந்த மணல் மூட்டையைக் கட்டித் தூக்கச் சொன்னேன். கால் பாதியிலேயே நின்று நடுங்கியது.

விசாரித்தால், வீட்டில் அவர் கட்டியது மணல் இல்லை, உப்பு. கைக்கெட்டுகிற இடத்தில் உப்பு இருக்கும்போது மணலுக்கு எதற்கு அலைவது என்று நினைத்திருக்கிறார். மழை ஈரத்தில் உப்பு கசிந்து கசிந்து, மூட்டை நாளுக்கு நாள் இளைத்திருக்கிறது. உப்பிலேயே வளர்ந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். கால் தேறுகிறது என்கிற சந்தோஷத்தில் மறந்து போயிற்று. அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மனைவிக்கு இல்லை.

"தரை ஈரமாக் கீதேன்னு நானும் கேட்டேன் சார். வேர்வைன்னுட்டாரு."

அம்பாரத்தின்மேல்

அன்றிலிருந்து மணலைக் கட்டி ஒழுங்காகப் பழகினார். வலி குறைந்தது, ஆனால் நாள் போதவில்லை. அளம் திறந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளாமல், பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போய்விட்டேன். எல்லப்பன் கூடையைத் தலையில் வைத்து ஏறினார். மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல் ஏறினார். உச்சியில் உப்பைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கத் திரும்பினார். ஒரு அடி வைத்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை என்பது நம் எல்லோருக்கும் தெரியுமே. கீழே கூடைக்காரர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். மேஸ்திரி அவரை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார்.

"யோவ் எல்லப்பா, எறங்க வாணாம்! மேலயே நில்லு, வர்ற கூடைய வாங்கிக் கொட்டிகினு இரு!"

முட்டிவலியைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பாதியைப் பயிற்சி தீர்க்கிறது, மீதிப் பாதிக்கு ஒரு மேஸ்திரி மனசு வைக்க வேண்டியிருக்கிறது.