நெட் இல்லாத லேபில் ஓடிய கணக்கு

1. பிடுங்கிய கேபிள்

வகுப்பு நேரத்தில் பசங்க வீடியோ பார்க்கிறார்கள் என்று மூர்த்தி சார் லேபுக்கு வந்த நெட் கேபிளையே பிடுங்கிவிட்டார். திருமுல்லைவாயிலில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் நான் லேப் பொறுப்பு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் ஸ்க்ரூ முடுக்கிக் கற்றுக்கொண்ட வேலை. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பேன்.

அந்த லேபில் சாரிடம் கேட்டு ஒரு கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். காசநோய்க்குப் புது மருந்து தேடும் ஆராய்ச்சி. பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு நெட்டில் அனுப்புவார்கள். நாம் முடித்துக் கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நோய்க்கு இப்போதிருக்கும் பழைய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி விழுங்கி வாந்தியெடுத்தவள் என் அக்கா.

"நெட்டே இல்ல, அப்பால இன்னா கணக்கு? உடும்மா லதா" என்றார் சார்.

"வாங்கறதுக்கும் குடுக்கறதுக்கும்தான் சார் நெட்டு. நடுவுல கணக்கு போட எதுக்கு? நான் பென்டிரைவ்ல எட்த்துகினு வந்து எட்த்துகினு போறேன்."

"உன் தலவலி. கிளாஸுக்கு இடைஞ்சல் வரக் கூடாது, அவ்ளோதான்."

2. எல்லாருக்கும் ஒரே விடை

வீட்டு லேப்டாப்பில் போன் ஹாட்ஸ்பாட் போட்டுக் கணக்குகளை இறக்கினேன். அந்த ஃபோல்டரை அப்படியே லேபின் எல்லா கம்ப்யூட்டருக்கும் காப்பி போட்டேன். சென்டரில் எது போட்டாலும் அதுதான் வழக்கம்: ஒன்றில் போடு, மற்றதுக்குக் காப்பி அடி.

வாரக் கடைசியில் திருப்பி அனுப்பினால் முதல் கம்ப்யூட்டருடையது மட்டும் ஏறியது. மற்றதெல்லாம் தள்ளுபடி. ஃபோல்டருக்குள்ளேயே அந்தக் கம்ப்யூட்டரின் அடையாளமும் இருக்கிறது. கணக்கு அனுப்பும் சர்வருக்கு எங்கள் லேப் மொத்தமும் ஒரே கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே கணக்கைத்தான் மாய்ந்து மாய்ந்து போட்டிருந்தன.

சார் சிரித்தார். "பரிச்சைல பிட்டு அட்ச்ச மாதிரி எல்லாம் ஒரே ஆன்சர எய்திகீது! இத்தோட நிறுத்திக்கோ."

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு சார். இப்பப் போயி எதுக்கு நிறுத்தணும்?"

நிறுத்தவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபோல்டர் என்று பெயர் போட்டுப் பிரித்தேன். லேபில் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் ஃபோல்டர் வீட்டுக்குப் போகும். அனுப்பி, புதுக் கணக்கு வாங்கிக்கொண்டு அதே கம்ப்யூட்டருக்குத் திரும்பும்.

3. ஃபார்மட்

ஒருநாள் காலை லேபைத் திறக்கப் போனால் வாசலில் சார் நிற்கிறார், கூடவே சர்வீஸ் கடை பாபு. படிக்கப் புது பேட்ச் வருகிறது, எல்லா கம்ப்யூட்டரையும் சுத்தமாக அழித்து ஃபார்மட் செய்யப் போகிறார்கள். கணக்குகளின் கெடு மறுநாள். பாதி முடிந்து உள்ளேயே இருந்தது, மீதி ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளுக்கா, பத்து நிமிசத்துல கய்வி உட்டுர்றேன்" என்றான் பாபு.

நான் முதல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"சாயந்திரம் பண்ணுங்க சார். இப்ப அழிச்சா ஓடிகினு இருக்கறதெல்லாம் போச்சு."

"புது பசங்க மத்தியானம் வர்றாங்க. உன் கணக்கா எனக்கு முக்கியம்?"

"மொத நாளு அவங்களுக்கு போர்டு கிளாஸ்தான சார்? உங்கள கேட்டுத்தான் இத போட்டேன், சரின்னீங்க. இப்ப அழிச்சா, நாளைக்கி லேப் சாவிய வேற யாராண்டயாச்சும் குட்த்துருங்க."

பாபு சாரிடம் திரும்பினான்: "அண்ணாத்தே, அக்காவுக்கு பயந்தான், ஆனா எடத்த உடாது போலகீது. நான் டீ குட்ச்சிட்டு வர்றேன்."

"சாயந்திரம் வரிக்கும்தான்" என்றார் சார். "அப்பால ஒரு வார்த்த பேசக் கூடாது."

சாயந்திரம் ஒன்றில் மட்டும் கணக்கு முடியவில்லை. அது போயிற்று. மற்றதெல்லாம் வீட்டிலிருந்து ஏறின, சர்வர் ஏற்றுக்கொண்டது. ஃபார்மட் ஆன கம்ப்யூட்டர்களில் மறுநாளே புதுக் கணக்கு போட்டேன். சார் பார்த்துக்கொண்டே கிளாஸுக்குப் போனார்.

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒரே ஃபோல்டரை இரண்டு இடத்தில் ஓட்டாதீர்கள். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்றுவரை போகவில்லை. பயந்துகொண்டே உட்கார்ந்திருங்கள், நாற்காலியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.