ஊசி போட்டு வளர்த்த உடம்பு

கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளைக்குக் கோட் கச்சிதமாக இருக்கிறது என்பார்கள். முதுகுப் பக்கம் போட்டோவில் விழவில்லை, அதனால் சொல்கிறார்கள். பின்னால் ஏழு துணி கிளிப் மாட்டிக் கோட்டை இழுத்துப் பிடித்திருந்தார் போட்டோகிராபர். "தம்பி, திரும்பிடாதீங்க, திரும்பினா மானம் போயிடும்" என்று அவர் சொன்னதும் பக்கத்தில் நின்ற புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தது கிளிப்பைப் பார்த்து. தன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். வந்த வினையெல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான்.

ஆள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி அரைப்பான், எறும்புத் தலை அளவுத் திருகாணியை ஒரே மூச்சில் மாட்டுவான், காது வலிக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பான். அவன் கைபட்ட கண்ணாடி மூக்கில் இருப்பதே தெரியாது என்று தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பேர் குச்சி. கல்யாணமான பிறகும் குச்சிதான். எத்தனை பேருக்குத் தெளிவாகத் தெரிய வைத்து என்ன, கண்ணாடி முன்னால் நின்றால் அவனுக்கு அவனே சரியாகத் தெரியவில்லை!

ஜிம்மில் சேர்ந்தான். ஆறு மாதம் மாங்கு மாங்கென்று தூக்கினான். முட்டையாக முழுங்கினான். எடை ஏறியது, இரண்டே கிலோ. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் தோளில் கை போட்டார். மாஸ்டர் என்றால் ஆளைப் பார்க்கணும், கதவில் நேராக நுழைய முடியாது, கொஞ்சம் திரும்பித்தான் வரணும்.

"இப்படியே போனா உனக்கு உடம்பு வர பத்து வருஷம் ஆகும். நான் சொல்றதைக் கேட்டா நாலு மாசம். வாரத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான்."

"அது ஸ்டெராய்டு இல்லையா மாஸ்டர்?"

"பேரைக் கேட்டுப் பயப்படாதே. நான் போட்டுக்கலையா? செத்தா போயிட்டேன்?"

ஜிம்முக்குப் பின்னால் பழைய இரும்புத் தட்டுகளை அடுக்கியிருந்த சின்ன அறையில், ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு முதல் ஊசியைப் போட்டுக்கொண்டான். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் என்ன பாஷை என்றே தெரியவில்லை. நாள் முழுக்கப் பொடி எழுத்தை அடுத்தவர்களைப் படிக்கச் சொல்கிறவன், அந்தச் சீட்டைப் படிக்க ஒரு நிமிஷம் செலவழிக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, உடம்பு வந்தது. அடேயப்பா, என்ன வேகம்! மாவு பிசைந்து ஒட்டினது மாதிரி தோள் ஏறியது, கை ஏறியது, சட்டைக் கை இறுகியது. "ஏம்ப்பா, இதைக் கொஞ்சம் பாரு" என்று கண்ணாடியை நீட்டியவர்கள் "சார், கொஞ்சம் பாருங்க" என்றார்கள். பஸ்ஸில் யாரும் இடிக்கவில்லை. கூட்டாளிகள் குச்சியை எடுத்துவிட்டுத் தூண் என்று பேர் வைத்தார்கள். ரோட்டைக் கடக்கும்போது மனைவி அவன் கையைப் பிடிப்பாள், பிடிக்கும்போதெல்லாம் அவனுக்குத் தலைகால் புரியாது. யாருக்குத்தான் பிடிக்காது? அதைப் பொய் சந்தோஷம் என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம். அவனுக்கு அது நிஜமாக இருந்தது, அதனால்தானே ஊசியை விட முடியவில்லை.

கூடவே வந்ததையும் சொல்லணும். முதுகு பூரா பரு. சீப்பில் கொத்தாக முடி. எதற்கெடுத்தாலும் கோபம். நாலாவது தடவையாக ஃபிரேம் மாற்றிக் கேட்ட ஒரு அம்மாவிடம் எரிந்து விழுந்து, அந்த வேகத்தில் கையிலிருந்த ஃபிரேமை ரெண்டாக ஒடித்துவிட்டான். கடை முதலாளி உடைந்த ரெண்டு துண்டையும் பொறுக்கி அவன் முன்னால் வைத்தார். மனைவி கேட்டபோதெல்லாம் "புரோட்டீன் பவுடர் சூடும்மா" என்று பூசி மெழுகினான். அவளும் தினம் மோர் கலக்கிக் கொடுத்தாள், பாவம்.

அவள் கொரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். எந்தப் பார்சலையும் தூக்கிப் பார்த்தே எடை சொல்வாள். தராசில் வைத்தால் பத்துக் கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவள் புருஷன் பேச்சை மட்டும் எடை போட்டுப் பார்க்கவில்லை. நம்பினாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. ரெண்டு பேருக்கும் ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. டாக்டரம்மாவிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாயில் மருந்து ஏற்றி ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேற முடியாமல் நின்றாள், அவன் தூக்கிக்கொண்டே மூன்று மாடி ஏறினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து மெச்சினார்கள். எல்லா ரிப்போர்ட்டும் சரியாகத்தான் வந்தது. "உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்மா" என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவன் கடையில் வேலை இருக்கிறது என்றான், அடுத்த வாரம் என்றான்.

"என்னைப் பார்த்தா குறை இருக்கிற மாதிரியா இருக்கு?" என்று ஒருநாள் அவளிடம் கேட்டே விட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இல்லைதான் என்றாள்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். மாஸ்டரிடம் போய்ச் சொன்னான். மாஸ்டர் சிரித்தார். "டேய், அந்த ஊசியில இருக்கிறதே ஆம்பளை ஹார்மோன்தான்டா. அதைப் போட்டுக்கிட்டுக் குழந்தை இல்லைன்னா எப்படி? டோஸ் பத்தலையோ என்னவோ." இதைவிடப் பெரிய கூத்து உண்டா? குழந்தை வேண்டும் என்பதற்காக வாரம் ஒன்று போட்டதை ரெண்டாக்கினான். எட்டு மாதம் அப்படிப் போட்டான்.

அதற்குமேல் டாக்டரம்மா, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். "அதுக்கு முன்னாடி இவர் ரிப்போர்ட் என் கைக்கு வந்தாகணும்" என்று கறாராகச் சொன்னார். இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை, போய்க் கொடுத்தான். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை வாங்கி லேப் வாசலிலேயே பிரித்தான். விந்தணு எண்ணிக்கை என்று போட்டிருந்த இடத்தில் ஒரு பூஜ்யம். குறைவு இல்லை, கொஞ்சம் இல்லை. பூஜ்யம். போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அதே பூஜ்யம்தான்.

நேராக ஜிம்முக்குப் போனான். மாஸ்டர் தாளைப் பார்த்தார். முன்பு மாதிரி சிரிக்கவில்லை.

"இது வர்றதுதான். நான் மாத்திரை தர்றேன், ஒரு மாசம் போடு. வீட்ல சொல்லிக்காதே."

"திங்கக்கிழமை அவளுக்கு ஆபரேஷன் மாஸ்டர்."

"சின்ன ஆபரேஷன்தானேடா. செஞ்சுக்கட்டும், ஒண்ணும் ஆகாது."

அவனுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கும் இப்படி வந்துச்சா? நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டான்.

மாஸ்டர் ஒரு டம்பெல்லை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். "நான் டெஸ்ட்டே எடுக்கலடா. ஏழு வருஷமாச்சு. அவதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயிட்டு வர்றா" என்றார். ஏற்கெனவே பளபளவென்று இருந்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவன் உண்மையைச் சொல்லவில்லை. ரிப்போர்ட் எங்கே என்று அவள் கேட்டதற்கு, திங்கட்கிழமைதான் தருவார்களாம் என்றான். அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், ஆபீஸில் லீவு சொன்னாள், "பயமா இருக்குங்க" என்று ஒரு தடவை சொன்னாள். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. வெறும் வயிற்றோடு, ரெட்டைச் சடை போட்டு, முதுகில் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிறுபிள்ளை மாதிரி இருந்தாள். நர்ஸம்மா ஒரு படிவத்தை அவனிடம் நீட்டினார். "கணவர்னு போட்டிருக்கிற இடத்துல கையெழுத்து போடுங்க சார். அந்த ரிப்போர்ட்டையும் குடுங்க."

பேனாவை வாங்கினான். எறும்புத் தலைத் திருகாணியில் நடுங்காத கை, கிடுகிடுவென்று நடுங்கியது. அவள் பார்த்தாள்.

"என்னங்க, எனக்குத்தானே ஆபரேஷன், உங்களுக்கு ஏன் நடுங்குது?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான். "உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். மூணு வருஷமா ஊசி போட்டுக்கிட்டிருக்கேன். உடம்புக்கு. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் தாளைப் படித்தாள். நிதானமாகப் படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க, வாங்க' தவிர வேறு பேச்சு அறியாதவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'நீ' போட்டுப் பேசினாள்.

"அந்த எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா? வெளியிலதானே உட்கார்ந்திருந்தே?"

கேட்டது என்று தலையாட்டினான். "போ. வெளிய போய் நில்லு" என்றாள். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே போய் நின்றான்.

டாக்டரம்மா ஆபரேஷனை நிறுத்திவிட்டு ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவனை வெளுத்து வாங்கினார், வாங்கவேண்டியதுதான். பிறகு பொறுமையாகச் சொன்னார். "தினமும் கடைச் சாப்பாடு வீட்டுக்கு வந்துட்டே இருந்தா யாரு அடுப்பைப் பத்த வைப்பாங்க? ஹார்மோன் வெளியிலேர்ந்து வந்ததும் உங்க உடம்பு தன் அடுப்பை அணைச்சுட்டுப் படுத்துடுச்சு. ஊசியை நிறுத்தினா நிறைய பேருக்குத் திரும்ப எரியும். ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். எல்லாருக்கும் எரியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." ரத்த அழுத்தம் பார்த்தார், எகிறியிருந்தது. ரத்தம் கெட்டியாக இருந்தது. இதயத்தையும் சோதிக்கச் சொன்னார், ஹார்மோன் டாக்டருக்குச் சீட்டு எழுதினார், ஜிம்மில் கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார்.

வீட்டில் பதினொரு நாள் பேச்சு இல்லை. பன்னிரண்டாம் நாள் அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே எந்த டெஸ்ட்டுன்னாலும் நான் கூட வருவேன். ரிப்போர்ட்டை நான்தான் பிரிப்பேன்." சரி என்றான். "பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். அதற்கும் சரி என்றான்.

ஊசியை விடுவது விளையாட்டில்லை. முதல் ரெண்டு மாதம் எழுந்து குளிப்பதே பெரும்பாடு. காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வரும். தோள் இறங்கியது, கை இறங்கியது, சட்டை தொளதொளத்தது. கூட்டாளிகள் மறுபடி குச்சி என்றார்கள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றவன், "எல்லாம் போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு நீங்க குச்சியா இருந்தப்பவே பிடிச்சிருந்தது. அன்னிக்கு நான் கிளிப்பைப் பார்த்துத்தான் சிரிச்சேன்" என்றாள். அவன் திருதிருவென்று விழித்தான். இதைக் கேட்க நாலு வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்கள்!

'நீ' திரும்ப 'நீங்க' ஆனதை அவன் அழுது முடித்த பிறகுதான் கவனித்தான்.

கோபம் குறைந்தது. கடையில் பழைய கை வந்துவிட்டது. வேறு ஜிம்மில், வெறும் சாப்பாட்டை நம்பி, மெதுவாகத் தூக்க ஆரம்பித்தான். ஒரு மதியம் மாஸ்டர் கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்க வந்தவர் போல நாலு ஃபிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "அந்த டாக்டரம்மா நம்பர் இருக்கா?" என்றார். எழுதிக் கொடுத்தான். கூடவே, "உங்க வீட்ல முதல்ல சொல்லிடுங்க மாஸ்டர்" என்றும் சொன்னான்.

மூன்றாவது மாத டெஸ்ட், பூஜ்யம். ஆறாவது மாதம், பூஜ்யம். ரெண்டு தடவையும் அவள்தான் பிரித்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள், "வாங்க, போலாம்" என்றாள்.

பத்தாவது மாதம் லேப் படிக்கட்டில் நின்று பிரித்தவள், மடிக்கவில்லை. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். ஒரு மில்லிக்கு நாற்பது லட்சம்.

டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். அவர் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். "அடுப்பு பத்திக்கிச்சு. ஆனா கம்மிதான். ஒண்ணரைக் கோடிக்கு மேல இருந்தாத்தான் போதும்னு சொல்வோம். இன்னும் காத்திருக்கணும்."

"நாற்பது லட்சம் கம்மியா டாக்டர்?" என்று அவன் வாயைப் பிளந்தான்.

வெளியே வந்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. கோடிக்கு எங்கே போவது, இன்னும் எத்தனை மாதமோ, வராமலே போய்விட்டால் என்று புலம்பிக்கொண்டே படியிறங்கினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஏங்க, நாற்பது லட்சம் இருக்கு. நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானே?"