அப்பா தள்ளிப்போட்ட டப்பா

டெல்லிக்கு செட் டாப் பாக்ஸ் வராமல் தள்ளிப்போட்டவர் என் அப்பா. நாலாம் வகுப்பு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சென்னையில் அது வந்தே விட்டது. அங்கே என் அப்பா இல்லையே என்று சென்னை அத்தைக்காகப் பரிதாபப்பட்டேன்.

கட்டணச் சேனல்கள் தெரிய வேண்டுமென்றால் டி.வி.யோடு ஒரு டப்பா வாங்கி வைக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அம்மாவின் தமிழ்ச் சேனலும் அதில் சேர்த்தி. டப்பா வாங்க அப்போது எங்களுக்கு வசதியில்லை. அம்மா திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். அவளுடைய ஹிந்தி காய்கறி வண்டியைத் தாண்டாது. அப்பாவும் நானும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அவளிடம் தமிழ் பேசியது அந்த டி.வி. மட்டும்தான். டப்பா கட்டாயமாகும் தேதி நெருங்க நெருங்க, ஊருக்குக் கிளம்பும் உறவுக்காரர்களைப் பார்ப்பது போல நாடகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா டி.வி. விஷயங்களைப் பார்க்கும் அமைச்சகத்தில் ஸ்டெனோ. ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "டெல்லிக்குத் தள்ளிப் போட்டாச்சு. நாந்தான் ஆர்டர டைப் அடிச்சி, பிரிண்டர்லருந்து எடுத்துக் குடுத்துட்டு வாரேன். நியூஸ்லயும் சொல்லிட்டான்."

நான் நிற்கவில்லை. கீழே பார்க்குக்கு ஓடி, "பாப்பா நே ஆர்டர் நிகாலா" என்று அறிவித்தேன். ஹிந்தியில் 'நிகாலா' என்றால் எடுத்தார் என்றும் அர்த்தம், பிறப்பித்தார் என்றும் அர்த்தம். நான் சொன்னது பிரிண்டரிலிருந்து எடுத்ததை. பார்க்கில் இருந்தவர்கள் மற்றதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முகங்களைப் பார்த்ததும் எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒரு தட்டு பர்ஃபியோடு வந்துவிட்டார். அவருக்கும் விட முடியாத சீரியல்கள் இருந்தன.

"பாய் சாப், ஆப்னே பச்சா லியா." காப்பாற்றிவிட்டீர்களாம்.

அப்பா பதறிப்போய், தான் வெறுமனே டைப் அடிக்கிறவன்தான் என்று ஹிந்தியில் மன்றாடினார். பெரிய ஆபீசர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்றார் ஆன்ட்டி. படியில் பார்த்தால் தலையைக்கூட அசைக்காத மாடிவீட்டு அங்கிள் இறங்கி வந்து கைகுலுக்கினார். அப்பா மறுக்க மறுக்க அவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏட்டி, கீழ போயி என்னத்தச் சொல்லி வச்ச?" என்று மட்டும் அப்பா என்னிடம் கேட்டார். "நீங்க சொன்னதத்தான்" என்றேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். ஹிந்தி புரியாவிட்டாலும் பர்ஃபி புரிந்திருந்தது.

"எனக்காகவா தள்ளிப் போட்டிய?"

இல்லை, இல்லை என்று சொல்லித் தொண்டை வறண்டுபோயிருந்த அப்பா அவளையே பார்த்தார்.

"ஆமா" என்றார்.

அம்மா சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். நாடகம் என்றாலே எழுந்து போய்விடும் அப்பா அன்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒருவழியாக உண்மையை ஒப்புக்கொண்டாரே என்று நான் பூரித்துப்போனேன். அம்மாவும் நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள் என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.