மிளகு காய்ந்த கல்

வாசலூர்பட்டி படகுத்துறை பார்க்கிங்கில், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி வந்த அலுப்போடு இறங்கியபோது, காயும் மிளகின் நெடி மூக்கில் ஏறியது. பட்டாளத்துக்குப் போய் அயல்நாட்டில் செத்து, உடம்புகூட மலைக்குத் திரும்பாத எங்கள் ஊர் ஆண்களுக்காகப் பதித்த பலகைக் கற்களும், ஓடு வேய்ந்த சின்னக் கோயிலும் நான் சிறுமியாக இருந்தபோது இங்கேதான் இருந்தன. மரநிழல் விழாத இடம் என்பதால் தை பிறந்தால் பெண்கள் மிளகை அந்தக் கற்களில்தான் காயப்போடுவார்கள், அவரவர் வீட்டு ஆளின் கல்லில் மட்டும். என் அத்தை, மாமாவின் கல்லை முந்தானையால் துடைத்து, "ஏனுங்க, மொளகு கொட்டறேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையைச் சாய்ப்பார். வீட்டு வாசலில் காயும் நெல்லைக் காலால் துழாவுகிறவர், அங்கே குனிந்து கையால்தான் துழாவுவார். அந்தச் சரசரப்பு பொழுது சாயும்வரை ஓயாது.

இப்போதும் கேட்டது. இரண்டு வேன்களுக்கு நடுவே சிமெண்டுத் தரையில், கிழவியாகிவிட்ட அத்தை குனிந்து மிளகைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

"கல்லத்தான் பேத்து எடுத்துட்டாங்களே அத்தே, இன்னமும் இங்கியே வாரீங்களா?"

அத்தை நிமிரவில்லை.

"கல்லு இருந்தப்ப மட்டும் அவுங்க அடியில இருந்தாங்களா, கண்ணு?"