இருபது நிமிடப் பாட்டுக்கு ஒரு பொன்னாடை

ஒரு வெள்ளைக்காரர் மைக்கைப் பிடித்து ‘வணக்கம்’ என்று சொன்னால் எங்கள் சனத்துக்கு ஏன் அப்படிப் புல்லரிக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாங்கள் நாளெல்லாம் சொல்கிற சொல்தான். எங்களுக்கு எவரும் கைதட்டியதில்லை. கனடாவில், மொன்றியலில் தமிழ் விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது என் தொழில் என்பதால், ஒலி மிக்சருக்குப் பின்னால் இருந்து இந்தக் கூத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். போன பொங்கல் விழாவில்தான் சிரிப்பு வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

அந்த விழாவுக்கு வந்தவர் சும்மா ஆள் இல்லை. இங்கிலாந்துக்காரர், எழுபது தாண்டியவர். இளமையில் பெரிய ரொக் இசைக்குழு ஒன்றின் பாடகர். பாட்டு மட்டுமா? புல்லாங்குழல், கிற்றார், செலோ, கீபோர்ட் என்று எதைக் கையில் கொடுத்தாலும் வாசிப்பார். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டெல்லாம் அவர்களிடம் கிடையாது. ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். இந்தக் கியூபெக் மாகாணச் சனத்துக்கு அந்த இசை என்றால் உயிர். இதே ஊரில் ஹொக்கி அரங்கு நிரம்பி வழிய வாசித்திருக்கிறார். பிறகு இசைத்தட்டுக் கம்பனி சின்னப் பாட்டாகக் கேட்டது. மற்றவர்கள் தலையாட்டினார்கள், இவர் குழுவை விட்டே வெளியேறினார். எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துத் தனியாக ஒரு இசைத்தட்டுப் போட்டார். அதை யாரும் வாங்கவில்லை. மற்றவர்கள் குழுவின் பெயரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இவர் விளம்பரங்களுக்கு இசை போட்டார், உல்லாசக் கப்பலில் வாசித்தார், கடைசியில் கியூபெக் பெண் ஒருவரைக் கல்யாணம் முடித்து மொன்றியலின் லாசால் பகுதியில் குடியேறிவிட்டார்.

லாசாலில் ஒரு மண்டபத்துக்கு நான் ஸ்பீக்கர் கொண்டுபோன அன்றுதான் எங்கள் பழக்கம் தொடங்கியது. நரைத்த தலைகள் கொஞ்சம் கதிரைகளில் இருந்தன. மேடையில் அவர் தன் காலுக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருந்தார். மிதித்தால், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் அடுத்த வாத்தியம், அதன்மேல் இன்னொன்று என்று ஒற்றை மனிதர் ஒரு குழுவாகிக்கொண்டிருந்தார். ஆனால் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடும் அந்த நீளப் பாட்டில் பாதிதான் வாசித்தார். மண்டபத்தை அடுத்த ஆட்களுக்கு விடவேண்டும் என்று காவலாளி வந்து நின்றுவிட்டான்.

வயரைச் சுருட்டும்போது என்னிடம் சொன்னார்: “அதை முழுதாக மேடையில் வாசித்துப் பல வருடமாகிவிட்டது. விரல் விறைக்கத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் விட்டால் இனி நடக்காது.” அழுகிற மாதிரி இல்லை. பல்வலி பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

ஆகவே நான்தான் பொங்கல் விழா நடத்துகிற தமிழ்ச் சங்கத்தின் தலைவரிடம் போனேன். என்னைவிட இளையவர், நல்ல மனுசன், மேடை என்றால் மட்டும் நிலைகொள்ளாது.

“அண்ணை, வெள்ளை ஒண்டு தமிழ்ப் பாட்டுப் பாடினா சனம் உருகிப்போகும். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார்.

“ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடுவார். பேந்து தன்ரை பாட்டு, இருபது நிமிசம். அதைக் குழப்பக் கூடாது.”

“இருபது என்ன, அரைமணித்தியாலமே குடுப்பம்.”

“நடுவிலை ஒருக்கா எல்லாச் சத்தமும் நிண்டுபோகும். முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. அதுக்குப் பிறகுதான் அவர் வாய் திறந்து பாடுவார்.”

“ஓம் அண்ணை, எனக்குச் சொல்லித் தரவேணுமே?”

சினிமாப் பாட்டு ஒன்றை என் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ‘ழ’ வரவில்லை. பரவாயில்லை, எங்கள் பிள்ளைகளுக்கும்தான் வரவில்லை.

விழா நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மண்டபத்தில். வழக்கம்போலப் பிந்தித் தொடங்கி, வழக்கம்போலப் பேச்சில் இழுபட்டது. அவர் மேடையேறி ‘வணக்கம்’ என்றதும் மண்டபம் அதிர்ந்தது. சினிமாப் பாட்டுக்கு விசில் பறந்தது. எல்லோர் கையிலும் போன். ஒரு மனிதர் அறுபது வருடமாகக் கற்றதை ஒரு மூலையில் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் வாயில் நொண்டுகிற நாலு தமிழ்ச் சொல்லுக்கு இந்த ஆரவாரம். எனக்குச் சீ என்று போய்விட்டது.

பிறகு அவர் தன்னுடையதைத் தொடங்கினார். புல்லாங்குழலை ஊதிப் பெட்டியை மிதித்தார். செலோவைச் சேர்த்தார். ஒவ்வொன்றாக ஏற ஏறச் சனம் கதைக்கத் தொடங்கியது. முன்வரிசையில் காணி விலை. பின்னால் வடைத் தட்டு வந்துவிட்டது, சப்புகிற சத்தம் எனக்கே கேட்டது. ஒருவர் என் மிக்சருக்கு மேலே குனிந்து, “இது எப்ப முடியும் அண்ணை?” என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆனாலும் அவர் விரல்கள் பிசகவில்லை. அன்றைக்கு அது முழுதாக வந்துவிடும் என்றே நம்பினேன்.

அந்த இடம் வந்தது. பெட்டியை மிதித்தார். எல்லாம் நின்றது. மூச்சை இழுத்து, கண்ணை மூடி, பாட வாயைத் திறந்தார்.

தலைவர் பொன்னாடையோடு மேடைக்கு ஓடினார். மைக்கில் சத்தம் நின்றால் பொன்னாடை போர்த்துவது எங்கள் ஆட்களுக்குக் கையில் ஊறிய பழக்கம், சொல்லி வைத்ததெல்லாம் காற்றோடு போயிற்று. சரிகைத் துணி அவர் கழுத்தில் விழுந்தபோது வாய் திறந்தபடியே இருந்தது. படம் எடுத்தார்கள். அறிவிப்பாளர் நன்றி சொன்னார். “மற்றப் பாட்டை இன்னொருக்கா!” என்று எங்கிருந்தோ ஒரு குரல், உடனே மண்டபம் முழுக்க அதே குரல்.

அவர் என்னைப் பார்த்தார். ‘உங்களுடையதைத் தொடருங்கள்’ என்று கையைக் காட்டினேன். கண்டார், நிச்சயமாகக் கண்டார். திரும்பி, சினிமாப் பாட்டைப் பாடினார்.

கீழே இறங்கிய தலைவரைப் பிடித்துக்கொண்டேன். “நான் சொன்னனான் எல்லோ?”

“சாப்பாடு ஆறுது அண்ணை, சனமும் பாவம். எண்டாலும் நல்லாப் போச்சுது. அந்த இழுவையை மட்டும் விட்டிருக்கலாம்.”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க மேடைக்குப் பின்னால் போனேன். எங்கள் சனத்துக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் கோர்த்துக்கொண்டே போனேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். முகம் சிவந்து, சந்தோசத்தில் மினுங்கியது. நான் வாயெடுக்க முதலே, “இன்னொரு தமிழ்ப் பாட்டுச் சொல்லித் தருவாயா? அடுத்த வருடமும் கூப்பிடுகிறார்களாம்,” என்றார்.

“உங்கள் பாட்டு?” என்றேன்.

“அது இனி வேண்டாம்.”

சனத்தின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அந்தக் கணத்தில் இந்த மனிதர்மேல் திரும்பியது. அந்தப் பாட்டின் அருமை சனத்துக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். எந்த மாதிரிப் பாட்டு வேண்டும் என்று கேட்டேன்.

“எதுவானாலும் சரி,” என்றார். “அவர்களுக்குப் பிடித்தால் போதும்.”