மச்சம் என்று நினைத்தது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு உண்ணிக்காரி என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது; அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். உண்ணிகளை மல்லாத்தி ஒட்டுநாடாவில் பொருத்தி, எச்சில் சுரக்கவைக்கும் மருந்தைத் துளி செலுத்தி, வாயில் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயைச் சொருகி, எச்சில் ஊறக் காத்திருப்பது அவள் வேலை. ஈரக்காற்று நிறைந்த அந்த அறையில், குழாய்க்குள் தெளிந்த நீர் மெல்ல ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகும். மழைக்கு முந்தைய மேகத்துக்குள் மிதப்பது போலிருக்கும்.

ஒரு விடுமுறை மதியம், தலை துவட்டிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துக் கணவர் கேட்டார்.

"இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"எந்த மச்சம்?"

"ஆமணக்கு விதையாட்டம்... அய்யய்யோ, இதுக்குக் கால் இருக்கு!"

போன வாரம் ஆய்வுக்காகப் புல்வெளியில் வெள்ளைத் துணியை இழுத்து, அதில் தொற்றும் உண்ணிகளைப் பிடித்த அன்று ஏறியிருக்க வேண்டும். கணவர் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தார்.

"இத்தனை நாளா வலிக்கலையா? அரிக்கக்கூட இல்லையா?"

"அதோட எச்சில் அப்படிங்க. காயம் பட்டா உடம்பு சத்தம் போட்டு ஆள் கூப்பிடும்ல? அந்தச் சத்தத்தையே வழியில பிடிச்சு வச்சுக்கும். ரத்தத்தையும் உறைய விடாது. காவலுக்கு வர வேண்டிய அணுக்களுக்குச் சேதியே போகாது."

"நம்ம வீட்டுக்கே வந்து, நம்ம வாயையே பொத்திட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கு!"

அவளுக்கு அருவருப்பு வரவில்லை. மாலை முழுதும் அறை அறையாக உலாவினாள். தன் உடம்பு, கதவெல்லாம் திறந்துகிடக்க எல்லோரும் அயர்ந்து தூங்கும் பெரிய வீடாகத் தோன்றியது. குழாயில் தினமும் பார்த்த அந்தத் தெளிந்த நீர், தனக்குள்ளேயே எங்கோ சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்திருக்கிறது.

மருத்துவர் பார்த்துவிட்டு, காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே வரச் சொன்னார். எதுவும் வரவில்லை.

அதன்பிறகும் புல்வெளி வேலையில் அவ்வப்போது கடி பட்டாள். ஒருமுறை, கடித்த அன்றே முழங்காலுக்குப் பின்னால் தினவெடுத்தது. தடவிப் பார்த்தாள். எள்ளளவு உண்ணி, சுற்றிலும் சிவப்பு. உடம்பு அந்த எச்சிலை அடையாளம் கண்டுகொள்ளப் பழகியிருந்தது.

"என்னங்க, அரிக்குது! நல்லா அரிக்குது!" என்று கூடத்துக்கு ஓடினாள்.

"சொறிஞ்சுக்கிட்டே இப்படிச் சந்தோஷப்படுற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றார் கணவர், இடுக்கியைத் தேடியபடி.